மகனைக் கேட்கும் உரிமை

ஆவடியில் பொழுது புலருமுன் நடைப்பயிற்சிக்குச் செல்பவர்கள் நாள்தோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். பனியனும் அரைக்கால் சட்டையும் அணிந்த இளைஞர்கள் எட்டுப் பத்துப் பேர், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும்படி நெருங்கி ஓடி வருவார்கள். பின்னால் ஒருவன் மிதிவண்டியில், கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கூவிக்கொண்டே வருவான். தரைப்படையின் ஆள்சேர்ப்பு முகாமில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிப்பவனுக்கே முழு மதிப்பெண். அந்த ஐந்தரை நிமிடத்துக்காக அவர்கள் ஓராண்டு, ஈராண்டு என்று ஓடிக்கொண்டேயிருக்கிறார்கள். எவரும் அவர்களை ஓடச் சொல்லவில்லை. சட்டம் எதுவும் அவர்களைத் துரத்தவில்லை.

ஆவடிக்கும் படைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1961ஆம் ஆண்டில் இங்குக் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதையடுத்துப் போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம், விமானப்படை நிலையம், மத்திய சேமக் காவல் படையின் குடியிருப்பு என்று சுற்றுவட்டாரம் முழுவதும் காக்கிக்கும் பச்சைக்கும் பழகிப்போனது. ஊரின் பெயரே ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துகளால் ஆனது என்று உறுதியாக நம்பும் அன்பர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். நானும் இந்த உறவுக்குப் புறம்பானவன் அல்லன். படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில், கட்டிங் பிரிவில், 1986 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துணியை அடுக்கடுக்காக விரித்து அளவு எண்ணின்படி வெட்டுவோம். அதை உடுத்தப் போகிறவனுக்கு எங்களைப் பொறுத்தவரை முகம் இல்லை. எண் மட்டுமே உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு, வழக்கம்போல், இக்காலத்துப் பிள்ளைகளின் போக்கைப் பற்றித் திரும்பியது. கைப்பேசி, மோட்டார் சைக்கிள், மது என்று ஒவ்வொருவரும் ஒரு குறையைச் சொல்ல, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை ஒன்று நடத்தும் நண்பர் முடிவாகச் சொன்னார்: “சிங்கப்பூரில் இருப்பதுபோல இங்கேயும் பதினெட்டு வயதில் கட்டாய இராணுவப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும். இரண்டே வருடம். அத்தனை பேரும் திருந்திவிடுவார்கள்.” எல்லோரும் தலையசைத்தோம். நானும்தான்.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஓர் அம்மையார் குடையை விரித்துக்கொண்டிருந்தார். வன்னியைச் சேர்ந்தவர்; போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, முன்பே இங்கு வந்திருந்த உறவினரிடம் வந்து சேர்ந்தவர்; பங்கில் எவரிடமும் அதிகம் பேசாதவர். எங்கள் பக்கம் திரும்பி, “எங்கட பக்கமும் கட்டாயம் எண்டு சொல்லித்தான் பிள்ளையளைக் கொண்டு போனவை ஐயா. என்ர மூத்தவன் பள்ளிக்கூடச் சட்டையோட போனவன்” என்று சொல்லிவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். குரலில் கோபம் இல்லை. நண்பர் பேச்சை மாற்றினார். ஆனால் எனக்கு அந்த வாக்கியம் அன்று முதல் நெஞ்சில் தைத்துக்கொண்டேயிருக்கிறது. ஒரு தாயிடமிருந்து மகனைக் கேட்டு வாங்கும் உரிமை எவருக்காவது உண்டா? உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது, எதுவரை செல்லும்? என்னுடைய சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இதை வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நண்பரின் பக்க நியாயத்தைக் கேட்போம். உலகில் சில நாடுகள் தம் இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைப்பது வெறும் கொடுமையினால் அன்று. அரசர்கள் ஆண்ட காலத்தில் போர் அரசனுடைய காரியமாக இருந்தது. அவன் கூலிக்கு ஆள் பிடித்தான். நாடு மக்களுடையது என்ற எண்ணம் பிரெஞ்சுப் புரட்சியோடு வலுப்பெற்றபோது, அதைக் காப்பதும் மக்கள் எல்லாருடைய கடமை என்ற முடிவும் உடன் வந்தது. 1793 ஆகஸ்ட் 23ஆம் நாள் பிரெஞ்சு தேசிய மன்றம் நாட்டிலுள்ள அனைவரையும் போர்ப்பணிக்கு அழைக்கும் ஆணையைப் பிறப்பித்தது. குடிமகன் என்ற சொல்லும் கட்டாயப் படைவீரன் என்ற சொல்லும் ஏறத்தாழ ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. அந்தத் தொட்டிலிலேயே எதிர்ப்பும் வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் மூன்று லட்சம் பேரைத் திரட்ட அரசு முனைந்தபோது, மேற்குப் பிரான்சின் வாந்தே பகுதிக் கத்தோலிக்கக் குடியானவர்கள் கலகத்தில் இறங்கினார்கள். தங்கள் குருக்களை விரட்டிய அரசு தங்கள் மகன்களையும் கேட்கிறதே என்பது அவர்கள் ஆத்திரம்.

பின்னர் இந்த முறை ஐரோப்பா எங்கும் பரவியது. இன்று கட்டாயச் சேவை நிலவும் நாடுகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம் தெரிகிறது: மக்கள் தொகை சிறிது, பக்கத்தில் இருப்பவனோ பெரியவன், அல்லது பகைவன். தென்கொரியா, இஸ்ரேல், பின்லாந்து ஆகியவை இத்தகையன. அச்சம் தணிந்தால் சட்டமும் தளர்கிறது; ஜெர்மனி 2011இல் கட்டாயச் சேவையை நிறுத்தி வைத்தது. அச்சம் திரும்பினால் சட்டமும் திரும்புகிறது. சுவீடன் 2017இல் அதை மீண்டும் கொண்டுவரத் தீர்மானித்தது. தன் மக்களையே பகைவராக எண்ணும் அரசும் இதே ஆயுதத்தைக் கையிலெடுக்கும் என்பதற்கு மியான்மர் சான்று. அங்கு ஆட்சியைப் பிடித்த படைத்தலைமை 2024 பிப்ரவரியில் கட்டாயச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக எல்லை தாண்டி ஓடினார்கள்.

சிங்கப்பூரைப் பற்றி நான் ஏட்டறிவினால் மட்டும் பேசவில்லை. என் தங்கையின் குடும்பம் அங்கு நிரந்தரவாசம் பெற்றுக் குடியேறியது. அந்நாட்டில் குடிமக்களின் ஆண்பிள்ளைகள் மட்டுமல்லர், பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளைகளும் பதினெட்டு வயது நிரம்பியபின் இரண்டாண்டு முழுநேரச் சேவை செய்தாக வேண்டும். அதன்பின் பல ஆண்டுகள் வருடந்தோறும் சில நாள் பயிற்சிக்கும் போக வேண்டும். மறுத்து நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பிற்காலத்தில் அங்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். மருமகனுக்கு அழைப்பு வந்தபோது தங்கை தொலைபேசியில் அழுதாள். “அண்ணே, நம்ம குடும்பத்துல துப்பாக்கியத் தொட்டவங்க யாரு இருக்காங்க? நாம பிழைக்க வந்தோமா, பிள்ளையக் குடுக்க வந்தோமா?” என்று கேட்டாள். முப்பதாண்டு சீருடை வெட்டிய கைக்குப் பதில் ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நாட்டின் கதையைக் கேட்டால் சட்டத்தின் காரணம் விளங்கும். 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். படையமைக்க உதவ வேண்டும் என்று லீ குவான் யூ நமது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடமும் கேட்டார், உதவி கிடைக்கவில்லை. இஸ்ரேலியர்கள் ஓசையின்றி வந்து பயிற்சி கொடுத்தார்கள். அண்டை நாட்டு முஸ்லிம்கள் மனம் கோணக்கூடாதென்று அவர்களை ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று சொல்லி மறைத்து வைத்தது ஒரு வேடிக்கை. பிரிட்டிஷார் தங்கள் படைகளை விலக்கிக்கொள்ளக்கூடும் என்ற கவலையும் இருந்தது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்து வாழ்ந்த அந்தத் தீவில் சில ஆண்டுகளுக்கு முன்தான் இனக்கலவரம் நடந்திருந்தது. இந்நிலையில் 1967 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் அணி முகாமுக்குச் சென்றது. நாட்டைக் காப்பது ஒரு நோக்கம்; ஒருவரையொருவர் ஐயுறும் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உறங்கவைத்து ஒரு நாட்டினராக்குவது மற்றொரு நோக்கம்.

இரண்டாவது நோக்கம் ஓரளவு நிறைவேறியிருக்கிறது என்பதற்கு என் மருமகனே சாட்சி. சேவை முடித்து விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன். “முதல் மூன்று மாதம் வெறுப்பா இருந்துச்சு பெரிய மாமா. அப்புறம் ஒண்ணு புரிஞ்சுச்சு. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவனோட அப்பா பெரிய கம்பெனி முதலாளி. எனக்கும் அவனுக்கும் ஒரே சோறு, ஒரே திட்டு” என்றான். சற்று நேரம் கழித்து அவனே, “ஆனா சண்டைன்னு ஒண்ணு வந்து, சுடுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல” என்றும் சொன்னான்.

அந்த முதலாளி மகனின் கட்டில்தான் கட்டாயச் சேவையின் மிகச் சிறந்த வாதம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்டுக்குக் காவல் தேவை என்பதை ஒப்புக்கொண்டால், அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்வி எழுகிறது. நம் நாட்டில் சட்டம் எவரையும் வற்புறுத்துவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தனர். அவர்கள் அனைவரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்று ஏடுகள் பெருமையோடு சொல்கின்றன. (பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயத்துக்கு உட்பட்டவர்கள் இங்கு வாழ்ந்த ஐரோப்பியர்களே, 1917இல் அவர்களுக்கென்றே சட்டம் இயற்றப்பட்டது.) ஆனால் அந்த 25 லட்சம் பேரில் பசியால் சேர்ந்தவர் எத்தனை பேர்? இன்று ஆவடிச் சாலையில் ஓடும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? அண்ணா நகர் மாளிகைகளிலிருந்து ஒருவனும் அங்கு ஓடி வரக் கண்டதில்லை. கொத்தனார் மகனும், ஆட்டோ ஓட்டுநர் மகனும், திருவள்ளூர்ப் பக்கத்துக் கூலி விவசாயி மகனுமே ஓடுகிறார்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாதை திட்டத்தின்படி நான்கே ஆண்டுப் பணி. அதன்பின் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் நிலைக்க முடியாது. அதற்கும் இத்தனை ஓட்டம். வறுமையும் ஒரு கட்டாய ஆள்சேர்ப்பு அதிகாரிதான். அவனிடம் ஆணைத்தாள் இல்லை என்பதே வேறுபாடு. ஆகவே நமது முறை சுதந்திரமானது, சிங்கப்பூர் முறை அடிமைத்தனமானது என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிள்ளைகள் திருந்துவார்கள் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. இராணுவம் சீர்திருத்தப் பள்ளி அன்று. நாம் பதினெட்டு ஆண்டுகளில் வீட்டில் செய்யத் தவறியதை ஒரு சுபேதார் இரண்டாண்டில் செய்து தரவேண்டும் என்று கேட்பது நம் கடமையை அரசின் தோளில் இறக்கி வைப்பதாகும். 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று, உயர் அரசுப் பதவிகளுக்கு வருவோர் ஐந்தாண்டு படையில் பணியாற்றியிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றுவிட்டது. நமது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு இந்த இரட்டை மனத்தை அப்படியே காட்டுகிறது. அதன் முதற்கூறு கூலியற்ற கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. இரண்டாம் கூறு, பொதுநலனுக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம், ஆனால் சமயம், இனம், சாதி, வகுப்பு என்று வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. தடையும் அனுமதியும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

விவிலியத்திலும் இப்படி இரு குரல்களைக் கேட்கிறோம். இஸ்ரயேல் மக்கள் தங்களுக்கு அரசன் வேண்டுமென்று கேட்டபோது சாமுவேல் எச்சரித்த முதற்செய்தியே, அவன் உங்கள் புதல்வர்களை எடுத்துக்கொள்வான், தன் தேர்களுக்கு முன் ஓடச் செய்வான் என்பதுதான். நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் அவன் பறிப்பது அதற்குப் பின்னரே சொல்லப்படுகிறது. இணைச்சட்டத்தின் இருபதாம் அதிகாரமோ போருக்கு மக்களைத் திரட்டுவதை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் படை புறப்படுமுன் அலுவலர்கள் எழுந்து அறிவிக்க வேண்டிய சில சொற்களை அது விதிக்கிறது: புதிதாக வீடு கட்டிக் குடிபுகாதவன் திரும்பிப் போகலாம், தோட்டம் நட்டுக் கனி உண்ணாதவன் போகலாம், பெண்ணை மண ஒப்பந்தம் செய்து இன்னும் மணக்காதவன் போகலாம், இறுதியாக, அஞ்சி நடுங்குபவனும் வீட்டுக்குப் போகலாம். இந்தப் பகுதியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அச்சத்தையும் ஒரு காரணமாக ஏற்று, அஞ்சியவனை வீட்டுக்கு அனுப்பிய படை உலகில் வேறு எங்கேனும் இருந்ததா என்று தெரியவில்லை. மற்றவர் மனம் தளராதிருக்கவே இந்த ஏற்பாடு என்று அந்நூல் காரணம் சொன்னாலும், திரும்பிச் செல்ல ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தொடக்கத் திருச்சபையில் அந்தக் கதவு இல்லாமல் போன ஓர் இளைஞரை நாம் மறைசாட்சியாக வணங்குகிறோம். கி.பி. 295ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், இன்றைய அல்ஜீரிய நாட்டிலுள்ள தெபெஸ்ஸா நகரில், இருபத்தொரு வயது மாக்சிமிலியன் உரோமை ஆளுநர் தியோன் முன் நிறுத்தப்பட்டார். முன்னாள் படைவீரரின் மகன். ஆகவே அவர் படையில் சேர வேண்டுமென்பது சட்டம். உயரம் அளந்தார்கள்; கழுத்தில் ஈய முத்திரையை மாட்ட முயன்றார்கள். தாம் கிறிஸ்தவர், சேவை செய்ய இயலாது என்று அவர் மறுத்தார். பேரரசரின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று தியோன் கேட்டார். தங்களுக்குத் தகுந்தது எதுவென்று அவர்கள் அறிவார்கள் என்பதோடு மாக்சிமிலியன் நிறுத்திக்கொண்டார். மற்றவர்களை அவர் பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தலை வெட்டப்படுமுன் தந்தையைப் பார்த்து, படைக்குப் போவதற்கென நீங்கள் தயாரித்து வைத்த புத்தாடையை இந்தக் காவலருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சீருடை வெட்டியே சோறு உண்டவன் என்பதால் அந்தப் புத்தாடை என்னை விட்டு அகல்வதில்லை. அதை அளவெடுத்துத் தைத்த கை ஒன்று அன்று அந்நகரில் இருந்திருக்கும்.

அருளாளர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் நம் காலத்துக்கு நெருங்கியவர். ஆஸ்திரியாவின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த குடியானவர், ஆலயப் பணியாளர், மனைவி பிரான்சிஸ்காவும் மூன்று பெண்குழந்தைகளும் இருந்தனர். 1940-41இல் படைப்பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்தான், ஆயுதத்தைத் தொடாதவரல்லர். ஆனால் ஹிட்லரின் போர் அநீதியானது என்று தெளிந்தபின், 1943இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது மறுத்தார். ஆயுதமின்றி மருத்துவப் பணி செய்ய முன்வந்தார், ஏற்கவில்லை. ஊர்மக்களும் குருக்களும் ஆயரும்கூடக் குடும்பத்தை நினைத்துப் பார்க்கும்படியே சொன்னார்கள். அது கெட்ட அறிவுரையா? அவர்கள் இடத்தில் நானிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். 1943 ஆகஸ்ட் 9ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. போர் முடிந்தபின்னும் பல ஆண்டுகள் ஊரார் அவரைக் கடமை தவறியவராகவே பேசினார்கள். 2007 அக்டோபர் 26இல் லின்ஸ் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்த பிரான்சிஸ்கா அவ்விழாவில் இருந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையை நம்முன் வைக்கின்றன. உரோமையிடம் சட்டம் இருந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலும் சட்டம், அழைப்பாணை, நீதிமன்றம் எல்லாம் முறைப்படி இருந்தன. முறைப்படி நடப்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, நாட்டின் பாதுகாப்புக்காகப் படையில் பணியாற்றுவோர் தம் கடமையைச் செவ்வனே செய்தால் அமைதிக்கே உதவுகிறார்கள் என்று ஏற்கிறது. அதே இடத்தில், மனச்சான்றின் காரணமாக ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டும், அவர்கள் வேறுவகையில் சமூகத்துக்குத் தொண்டாற்ற இசைய வேண்டும் என்றும் சொல்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே வழிமொழிகிறது. எல்லோரும் மறுத்துவிட்டால் நாட்டை யார் காப்பது என்ற கேள்விக்கு மேற்கு ஜெர்மனி நடைமுறையில் பதில் தந்தது. அங்கு 1961 முதல் மறுப்பவர்களுக்கு மாற்றுப்பணி வழங்கப்பட்டது. பிற்காலத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணியாற்றினார்கள். நாடு கவிழ்ந்துவிடவில்லை. கட்டாயச் சேவை நின்றபோது, இனி முதியவர்களை யார் குளிப்பாட்டுவது என்ற கவலைதான் அங்குப் பெரிதாக எழுந்தது. சிங்கப்பூரோ இந்தக் கதவைத் திறக்கவில்லை. ஆயுதம் ஏந்த மறுக்கும் யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் மூன்றாண்டுகளுக்கு மேல் இராணுவத் தடுப்புக்காவலில் கழிக்கிறார்கள். என் மருமகன் உறங்கிய கூடத்துக்குச் சற்றுத் தொலைவில் அந்த அறைகளும் இருக்கின்றன.

இனி வன்னிக்கு வருகிறேன். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

நம்மினத்தில் கட்டாய ஆள்சேர்ப்பைப் புலிகள் மட்டும் செய்தார்கள் என்று சொல்வது உண்மைக்கு மாறானது. 1989இல், இந்திய அமைதிப்படை அங்கிருந்த காலத்தில், அதன் ஆதரவில் நடந்த வடகிழக்கு மாகாண நிர்வாகத்தைச் சார்ந்தோர் ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற பெயரில் பிள்ளைகளை வீதிகளிலும் வீடுகளிலும் பிடித்துச் சேர்த்தார்கள். 1990 மார்ச்சில் நமது படை திரும்பி வந்துவிட்டது. பிடிக்கப்பட்ட பிள்ளைகள் நடுவழியில் விடப்பட்டார்கள். பலர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அமைதிப்படை வீரர்கள் உடுத்தியிருந்த துணிகளில் சில என் கத்தரியைக் கடந்தவையாக இருக்கலாம். அப்போது நான் அதைப் பற்றி ஒருகணமும் எண்ணியதில்லை.

பின்னர் விடுதலைப் புலிகள் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் வீட்டுக்கொருவர் என்று கேட்டார்கள். 2006இல் போர் மீண்டும் மூண்டபின் கேட்பது பறிப்பதாயிற்று. ஒருவர் போதாமல் இரண்டாமவரும் கேட்கப்பட்டார். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டதை யுனிசெப் நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. மணமானவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பெற்றோர், பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன சிறுமிகளுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். பின்னர் மணமானவர்களும் தப்பவில்லை. காட்டிலும், நிலத்தில் தோண்டிய குழிகளிலும் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். 2008 ஏப்ரலில் மடு அன்னையின் திருச்சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டது; அன்னைக்கே இடமில்லாத நிலத்தில் மக்கள் எங்கு ஒளிவது? 2009இல், போரின் இறுதி மாதங்களில், வலைஞர்மடத்து ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கான இளையோரைப் புலிகள் பலவந்தமாகப் பேருந்துகளில் ஏற்றி முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டு சென்றதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. அதே மக்கள்மீது அரசுப் படைகள் பாதுகாப்பு வலயம் என்று தாமே அறிவித்த இடங்களிலும் குண்டு பொழிந்ததையும் அதே அறிக்கை விரிவாகச் சொல்கிறது. ஒருபக்கம் எறிகணை, மறுபக்கம் பேருந்து. நடுவில் ஓர் ஆலயம்.

இனத்தின் இருப்பே ஆபத்தில் இருந்தது, வேறு வழியில்லை என்று இதற்கு நியாயம் சொல்வோர் நம்மிடையே உண்டு. ஆபத்து உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. சிங்கப்பூரும் இஸ்ரேலும் சொல்வதும் அதே காரணம்தான். அப்படியானால் என் மருமகனின் இரண்டாண்டுக்கும் அந்த அம்மையாரின் மகனுக்கும் வேறுபாடு எங்கே? என் மருமகனுக்குப் போகும் நாளும் திரும்பும் நாளும் தெரிந்திருந்தன. முதலாளி மகனும் உடன் படுத்திருந்தான். பிடிக்காத அரசை வாக்கினால் மாற்ற அந்நாட்டு மக்களுக்கு ஒரு வழி இருந்தது. அந்த அம்மையாரின் மகனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வேறுபாடு பெரிது. ஆனால் அது முழுமையானதன்று என்பதே என்னை உறுத்துகிறது. சுடு என்ற சொல் வந்திருந்தால், மறுக்கும் உரிமை இருவருக்கும் ஒன்றுபோலவே இல்லை.

ஆகவே என் மனம் இப்படி ஒரு நிலைக்கு வந்திருக்கிறது, கற்றவர்கள் திருத்தலாம். ஒரு நாடு தன் பிள்ளைகளிடம் சில ஆண்டுகளைக் கேட்கலாம். வெள்ளத்தில் மணல் மூட்டை சுமக்கவும், நோயாளியைத் தூக்கவும், வேண்டுமானால் அணிவகுத்து நடக்கவும் கட்டாயப்படுத்தலாம்; அப்படிக் கேட்கும்போது ஏழையின் வாசலில் மட்டும் போய் நிற்கக்கூடாது. ஆனால் கொல் என்று கட்டாயப்படுத்த எந்த நாட்டுக்கும், எந்த இயக்கத்துக்கும், எவ்வளவு உயர்ந்த இலட்சியத்துக்கும் உரிமை இல்லை. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், வீட்டு ஆண்களைப் போரில் இழந்தபின்னும் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பியதைப் பள்ளியில் படித்துப் புல்லரித்தோம். அவள் அனுப்பினாள். அவளிடமிருந்து பறித்திருந்தால் அதைப் புலவர் பாடியிருப்பாரா என்று ஆசிரியர் எங்களைக் கேட்டதில்லை.

பட்டறை நண்பரிடம் பின்னர் இதையெல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, “நீர் சொல்வது சரி. ஆனால் எல்லையில் நிற்பவன் சுட மறுத்தால், நீரும் நானும் இப்படி ஆலயத்தில் நின்று பேசிக்கொண்டிருக்க முடியுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. எல்லையில் நிற்பவன் என் கத்தரியால் வெட்டிய துணியைத்தான் உடுத்தியிருக்கிறான்.

சென்ற அக்டோபர் இறுதியில், இறந்தோர் நினைவு நாள் திருப்பலிக்காகப் பெயர்களை எழுதி வாங்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. பங்கு அலுவலகத்தில் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தேன். அந்த அம்மையாரும் வந்தார். தாய், தந்தை, கணவர், தங்கை என்று வரிசையாகப் பெயர் சொன்னார், எழுதிக்கொண்டேன். பின்பு சற்றுத் தயங்கி, மகனின் பெயரைச் சொன்னார். நான் அடுத்த வரியில் எழுதப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

“அதில வேண்டாம் ஐயா. உயிரோட இருக்கிறவைக்கு எண்டு வேற கொப்பி இருந்தா, அதில எழுதுங்கோ.”

அப்படி ஒரு நோட்டு எங்களிடம் இருக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே அவன் பெயரை மட்டும் தனியாக எழுதினேன்.